பெயரேடும் பிரஜையும் – 9: அட்டையைக் கிழித்த தேசம்

1915ஆம் ஆண்டில், யுத்தத்தின் அவசரத்தை முன்னிட்டு இங்கிலாந்தில் எழுதப்பட்ட தேசியப் பதிவேடு, வீடு மாறியவர்களையும் விவாகமாகிப் பெயர் மாறியவர்களையும் பழைய விலாசத்திலேயே குடியிருத்திக்கொண்டு, எழுதியவர்களுக்கே பயனற்றதாய் வாடிப்போன வரலாற்றைச் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். அத்தோல்வியின் காரணத்தை நெடுங்காலம் சிந்தித்தவர் ஸர் ஸில்வானஸ் விவியன் என்பவர். 1921 முதல் பிறப்பு இறப்புப் பதிவு இலாகாவின் தலைவராக, அதாவது ரிஜிஸ்திரார்-ஜெனரலாக, வீற்றிருந்த இவர், மற்றொரு யுத்தம் வருமானால் அதற்குரிய பதிவேட்டின் அமைப்பை முன்கூட்டியே வகுத்து வைத்தல் அவசியமென்று கருதினார். அவர் கண்ட தத்துவம் சுருக்கமானது: தன் பெயர் ஏட்டில் சரியாக இருப்பதனால் சர்க்காருக்கு மட்டுமே லாபம், தனக்கு ஒன்றுமில்லை என்றிருக்கும் வரையில், விலாசம் மாறியதைச் சொல்வதற்காக எந்தப் பிரஜையும் ஓர் அலுவலகத்தின் வாசலில் காத்து நிற்கமாட்டான், ஆதலின் ஏடு தன் பலத்தால் உயிர்வாழ வல்லதன்று, மனிதன் எதை இழக்கத் துணியமாட்டானோ அப்படிப்பட்ட வேறொன்றின் மேல், மாமரத்தில் புல்லுருவி ஒட்டித் தழைப்பது போல, அதுவும் ஒட்டித் தழைக்க வேண்டும். அந்த வேறொன்று உணவு.

1939 செப்டம்பர் 3ஆம் தேதி யுத்தம் பிரகடனமாயிற்று. 5ஆம் தேதி தேசியப் பதிவுச் சட்டம் அரசரின் ஒப்புதல் பெற்றது. 29ஆம் தேதி, வெள்ளிக்கிழமையன்று இரவு யார் யார் எந்த வீட்டில் இருந்தார்களோ அவர்கள் அனைவரும் ஏட்டில் ஏறினார்கள். சுமார் 65,000 கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாகச் சென்று, குடும்பத் தலைவர் நிரப்பி வைத்திருந்த படிவத்தை வாசலிலேயே சரிபார்த்து, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் ஏறத்தாழ 4 கோடியே 10 லட்சம் பேரைப் பதிவு செய்து, ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டையை எழுதிக் கொடுத்தனர். அந்த அட்டையில் புகைப்படம் இல்லை, கைரேகை இல்லை, பெயரும், விலாசமும், நான்கு எழுத்துக்களும் சில இலக்கங்களும் கொண்ட ஓர் எண்ணும் மட்டுமே இருந்தன. 1940 ஜனவரி 8ஆம் தேதி வெண்ணெயும் சர்க்கரையும் உப்பிட்ட பன்றி இறைச்சியும் பங்கீட்டுக்கு உட்பட்டபோது, பங்கீட்டுப் புத்தகம் அந்தப் பதிவேட்டைக் கொண்டே வழங்கப்பட்டது. அதன்பின் வீடு மாறியவர்கள் தாமாகவே வந்து சொன்னார்கள். விவியனின் கணக்குத் தப்பவில்லை.

ஆனால் ஒட்டித் தழைப்பதற்குக் கற்றுக்கொண்ட ஏடு ஓரிடத்தோடு நிற்பதில்லை. ஆட்சேர்ப்பு, பங்கீடு, ஜனத்தொகைக் கணக்கு என்ற மூன்று காரியங்களுக்காகவே என்று பார்லிமெண்டில் சொல்லி ஆரம்பிக்கப்பட்ட இப்பதிவேட்டை, யுத்தம் முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னர் எண்ணிப் பார்த்தபோது, 39 சர்க்கார் அமைப்புகள் தத்தம் காரியங்களுக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தன. தெருவில் நிறுத்தும் போலீஸ்காரர், குற்றம் எதுவாயினும், முதலில் அட்டையைக் கேட்பது வழக்கமாயிற்று. சட்டம் அதற்கு இடங்கொடுத்தது. அட்டை கையில் இல்லாவிடில், இரண்டு நாளைக்குள் ஏதேனும் ஒரு போலீஸ் நிலையத்தில் கொண்டுவந்து காட்டவேண்டும்.

இந்த நிலையில்தான், 1950 டிசம்பர் 7ஆம் தேதி, வடலண்டனில் ஃபிஞ்ச்லி என்ற பகுதியில் கார் ஓட்டிச் சென்ற கிளாரன்ஸ் ஹென்றி வில்காக் என்பவரை, மக்கிள் என்ற போலீஸ்காரர் தடுத்து நிறுத்தினார். வில்காக் சலவை நிலையம் ஒன்றின் நிர்வாகி. லிபரல் கட்சியைச் சார்ந்தவர். பார்லிமெண்ட் தேர்தலில் அபேட்சகராக நின்றவரும்கூட. அட்டையைக் காட்டச் சொன்னபோது, தாம் ஒரு லிபரல் என்றும் இத்தகைய காரியம் தமக்குச் சம்மதமன்று என்றும் சொல்லி மறுத்தார். இரண்டு நாள் அவகாசம் கொடுத்த சீட்டையும் வாங்க மறுத்தார். கீழ்க்கோர்ட்டார் அவர் குற்றவாளியே என்று தீர்மானித்து, ஆயினும் தண்டனை ஏதுமின்றி விடுவித்தனர். இந்த விடுதலையோடு வீட்டுக்குப் போயிருந்தால் அவர் பெயர் இன்று நமக்குத் தெரிந்திராது. அவரோ மேல்கோர்ட்டுக்குச் சென்றார்.

வழக்கின் வாதம் மிகவும் நுட்பமானது. யுத்த நெருக்கடிக்காக இயற்றிய சட்டம், யுத்தம் முடிந்ததும் தானே முடிந்ததன்றோ என்பது வில்காக் தரப்பின் கேள்வி. நெருக்கடி ஓய்ந்துவிட்டதென்று அரசர் ஆணை பிறப்பிக்கும் வரையில் சட்டம் உயிரோடிருக்கும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தபடியால், எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்வதில் கஷ்டமில்லை. விஷயத்தின் முக்கியத்துவத்தைக் கருதி ஏழு நீதிபதிகள் ஒருங்கே அமர்ந்து விசாரித்து, 1951 ஜூன் 26ஆம் தேதி, சட்டப்படி வில்காக் குற்றவாளியே என்று உறுதி செய்தனர். ஆனால் யாருக்கும் தாட்சண்யம் காட்டுபவரென்று பெயரெடுக்காத பிரதம நீதிபதி காடார்ட் பிரபு, அத்தோடு நிறுத்தவில்லை. தேசப் பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட ஒரு சட்டத்தைக் கண்டவரிடமெல்லாம் அட்டை கேட்பதற்குப் பயன்படுத்துவது, சட்டத்துக்கு அடங்கி நடக்கும் பிரஜைகளைச் சட்டத்தை மீறுபவர்களாக ஆக்குமென்றும், போலீஸுக்கும் ஜனங்களுக்கும் உள்ள நல்லுறவைக் கெடுக்குமென்றும் அவர் கண்டித்து, வழக்கில் வென்ற போலீஸுக்குச் செலவுத்தொகை கிடையாதென்று தீர்ப்பளித்தார். நியாயஸ்தலத்தில் தோற்று ஊரில் ஜெயித்தவர்களின் வரிசையில் வில்காக்குக்கு ஓரிடம் உண்டு. அவ்வாண்டு அக்டோபரில் சர்ச்சிலின் கட்சி ஆட்சிக்கு வந்தது. 1952 பிப்ரவரி 21ஆம் தேதி, சுகாதார மந்திரி ஹாரி க்ரூக்ஷாங்க், இனி யாரும் அட்டை வைத்திருக்கவேண்டியதில்லை என்று பார்லிமெண்டில் அறிவித்தார்.

ஜனங்கள் அட்டையைக் கிழித்தெறிந்தார்கள்; சர்க்கார் ஏட்டைக் கிழிக்கவில்லை. பங்கீடு 1954 வரையில் நீடித்தது என்பது ஒருபுறமிருக்க, 1948இல் பிறந்த தேசியச் சுகாதார சேவை, ஜனங்களையெல்லாம் புதிதாக எழுதிக்கொண்டிருப்பானேன் என்று, ஸவுத்போர்ட் நகரிலிருந்த அதே யுத்தகாலப் பதிவேட்டைத் தன் மத்திய ஏடாக ஏற்றுக்கொண்டது. 1939இல் கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று எழுதிக்கொடுத்த அந்த எண்ணே, 1990களின் நடுவில் பத்து இலக்கங்கொண்ட புதிய எண் வரும் வரையில், லட்சக்கணக்கானவர்களின் வைத்திய எண்ணாக நிலைத்திருந்தது. இதற்கு எதிராக எவரும் கிளர்ச்சி செய்ததாகத் தெரியவில்லை. ஆங்கிலேயனுக்கு வெறுப்பு அட்டையின் மேல்தான், அட்டையைக் கேட்கும் கையின் மேல்தான். அலமாரிக்குள் அடங்கியிருக்கும் ஏட்டைப் பற்றி அவன் அதிகமாகக் கவலைப்பட்டதில்லை. இந்த ஒரு மனப்பான்மையை நினைவில் வைத்துக்கொண்டால், பின்வரும் அறுபது ஆண்டுகளின் குழப்பங்களில் பாதி விளங்கும்.

இடைக்காலத்தைப் பற்றிச் சொல்லவேண்டியது சொற்பம். 1995இல் உள்துறை மந்திரி மைக்கேல் ஹோவர்ட் அட்டை யோசனையை ஓர் ஆலோசனைப் பத்திரமாக வெளியிட்டார். அது பத்திரமாகவே நின்றது. 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்த கோரச் சம்பவத்துக்குப் பிறகுதான் அந்த யோசனைக்கு மறுபடியும் உயிர் வந்தது. அப்போதைய உள்துறை மந்திரி டேவிட் பிளங்கெட், 2002 ஜூலையில், உரிமை அட்டை என்ற சாதுவான பெயரில் அதை ஜனங்கள் முன் வைத்தார். முதலில் பயங்கரவாதத்தைத் தடுப்பதற்கு என்றார்கள். பிறகு உதவித்தொகை மோசடியைத் தடுப்பதற்கு என்றார்கள். அதன்பின் கள்ளக் குடியேற்றத்துக்கு என்றும், பெயர்த் திருட்டுக்கு என்றும் காரணங்கள் மாறி மாறி வந்தன. 2005 ஜூலை 7ஆம் தேதி லண்டனில் குண்டுகள் வெடித்தபோது, பிளங்கெட்டுக்குப் பின் அப்பதவிக்கு வந்த சார்லஸ் கிளார்க், அட்டை இருந்திருந்தாலும் அதைத் தடுத்திருக்க இயலாதென்று மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அதனால் மசோதாவின் வேகம் சிறிதும் குறையவில்லை. காரணம் விழுந்த பின்னும் காரியம் நடந்துகொண்டே போவது இலாகாக்களுக்கே உரிய ஓர் ஆற்றல்.

2006 மார்ச் 30ஆம் தேதி, பிரபுக்கள் சபை பலமுறை திருப்பியனுப்பிய பின்னர் நிறைவேறிய அடையாள அட்டைகள் சட்டத்தைப் படிப்பவர்க்கு, அதன் பெயர் பொருந்தவில்லை என்பது முதல் பார்வையிலேயே விளங்கும். அதன் உயிர்நிலை அட்டையன்று. தேசிய அடையாளப் பதிவேடு என்ற கணினி ஏடு. பெயர், பிறந்த தேதி, இப்போதைய விலாசம், முந்தைய விலாசங்கள், மற்ற இலாகாக்கள் கொடுத்த எண்கள் என்று சுமார் 50 வகைத் தகவல்களுக்கு அதில் இடம் வகுத்திருந்தார்கள். பத்து விரல்களின் ரேகையும் இரண்டு கருவிழிகளின் படமும் முகத்தின் படமும் அதில் ஏறவேண்டும் என்பது திட்டம். விலாசம் மாறியதைச் சொல்லத் தவறினால் 1,000 பவுன் வரையில் அபராதம். இவையனைத்திலும் முக்கியமானது ஒன்றுண்டு: வங்கியோ, வைத்தியசாலையோ, வேலை தருபவனோ ஒருவனுடைய அடையாளத்தை ஏட்டில் சரிபார்க்கும் ஒவ்வொரு தடவையும், சரிபார்த்த செய்தியும் ஏட்டிலேயே பதிவாகும். 1939இன் ஏடு ஒருவன் எங்கே வசிக்கிறான் என்பதை மட்டும் அறிந்திருந்தது. இந்த ஏடோ அவன் எப்போது எந்த வாசலில் நின்றான் என்பதையும் ஆயுள் முழுவதும் அறிந்துகொண்டே வரும்.

எதிர்ப்பு பல திசைகளிலிருந்து வந்தது. 2004இல் தோன்றிய நோ2ஐடி என்ற இயக்கம் ஊர் ஊராகக் கூட்டங்கள் நடத்தியது. சட்டம் வந்தாலும் பதிவு செய்துகொள்ளமாட்டோம் என்று பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சங்கற்பம் செய்துகொண்டனர். ஆனால் சர்க்காரை உண்மையில் கலக்கியது ஒரு கலாசாலையின் கணக்கு. 2005 ஜூன் மாதம் லண்டன் பொருளாதாரக் கல்லூரியார் வெளியிட்ட அறிக்கை, பத்தாண்டில் இத்திட்டத்துக்கு 1,060 கோடி முதல் 1,920 கோடி பவுன் வரையில் செலவாகுமென்று மதிப்பிட்டது. சர்க்காரின் மதிப்போ 584 கோடி. மந்திரிகள் அறிக்கையின் ஆசிரியர்களைப் பகிரங்கமாகவே பழித்தார்கள். அதற்கும் முன்பே, சர்க்காரே தன் செலவில் 10,000 பேரைக் கொண்டு நடத்திய ஒரு சோதனை, பழிக்கத் தேவையில்லாத வேறொரு சாட்சியத்தை அளித்திருந்தது. பதிவு செய்துகொண்டவரை மறுபடி அழைத்துவந்து இவர் அவர்தானா என்று யந்திரத்தைக் கேட்டபோது, கருவிழியைக் கொண்டு 100க்கு 96 பேரையும், விரல்ரேகையைக் கொண்டு 81 பேரையும், முகத்தைக் கொண்டு 69 பேரையும் மட்டுமே அது அறிந்துகொண்டது. உடற்குறை உள்ளவர்களில் முகத்தால் அறியப்பட்டவர்கள் பாதிக்கும் குறைவு. நான்கு கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த விகிதத்தைப் பெருக்கிப் பார்த்தால் எத்தனை லட்சம் பேர் தம் சொந்த முகத்தோடு வாசலில் நிறுத்தப்படுவார்கள் என்பதை எந்தக் குமாஸ்தாவும் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

சட்டம் நிறைவேறி ஒன்பதாவது மாதத்திலேயே திட்டம் சுருங்கத் தொடங்கிற்று. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அப்பழுக்கில்லாமல் புதிதாக எழுதுவோம் என்று வாக்களித்திருந்த சர்க்கார், 2006 டிசம்பரில், புதிய ஏட்டைக் கட்டப்போவதில்லை என்றும், ஏற்கெனவே உள்ள மூன்று ஏடுகளையே பயன்படுத்திக்கொள்ளப் போவதாகவும் அறிவித்தது. வாழ்க்கை விவரங்களுக்கு உதவித்தொகை இலாகாவின் ஏடு. அட்டை வழங்கும் காரியத்துக்குப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் ஏடு. ரேகைகளுக்கு, அகதிகளாகத் தஞ்சம் கேட்டு வந்தவர்களுக்கென்று கட்டப்பட்ட ஏடு. இந்த மூன்றாவதைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 2002இன் தொடக்கத்திலேயே, ஆங்கிலப் பிரஜை எவனும் விரலை நீட்டுவதற்கு முன்னரே, தஞ்சம் கேட்டவர்களுக்கு ரேகை பதித்த அட்டை வழங்கப்பட்டுவிட்டது. இலங்கையிலிருந்து உயிர் தப்பிச் சென்ற தமிழர்களும் அதை வைத்திருந்தவர்களில் சேர்ந்தவர்கள். லண்டன் பத்திரிகைகளில் அட்டையைப் பற்றி அனல் பறந்த நாட்களில் இந்த அட்டையைப் பற்றிய பேச்சு அபூர்வமாகவே காதில் விழுந்தது. கருவிழிப் படத்தையும் அதே டிசம்பரில் கைவிட்டார்கள். சோதனையில் நன்றாக விடை சொன்னது அது ஒன்றுதான் என்பதை முன்னே பார்த்தோம்.

இனி வருவது, இத்திட்டத்தை எதிரிகள் எவராலும் இயலாத அளவுக்குச் சேதப்படுத்திய சம்பவம். அது இத்திட்டத்தைச் சேர்ந்ததே அன்று. வட இங்கிலாந்தில் வாஷிங்டன் என்று ஓர் ஊர் உண்டு. குழந்தைகளுக்கான உதவித்தொகையை வழங்கும் வருமான வரி இலாகாவின் காரியாலயம் அப்போது அங்கே இருந்தது. தேசியத் தணிக்கை அலுவலகத்தார், கணக்கைச் சோதிப்பதற்காக, உதவி பெறுவோரின் பட்டியலிலிருந்து சில விவரங்கள் மட்டும் வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். வங்கிக் கணக்கு முதலியவை வேண்டாம், எடுத்துவிட்டு அனுப்புங்கள் என்றும் எழுதியிருந்தார்கள். எடுப்பதற்குத் தனிச் செலவாகும் என்பது வந்த பதில். அதனால் ஒன்றையும் எடுக்காமல், 72 லட்சத்து 50 ஆயிரம் குடும்பங்களைச் சேர்ந்த இரண்டரைக் கோடி ஜனங்களின் பெயர், விலாசம், பிறந்த தேதி, காப்புறுதி எண், வங்கிக் கணக்கு அனைத்தையும் இரண்டு குறுந்தகடுகளில் ஏற்றி, கடவுச்சொல் ஒன்றைப் போட்டு, ஆனால் சங்கேத எழுத்தாக மாற்றாமல், 2007 அக்டோபர் 18ஆம் தேதி, இலாகாவின் உள்தபாலில், பதிவு கூடச் செய்யாமல் ஓர் உறையில் போட்டு லண்டனுக்கு அனுப்பினார்கள். உறை போய்ச் சேரவில்லை. சேரவில்லை என்று தெரிந்ததும், மற்றொரு பிரதியை எடுத்து, இந்தத் தடவை பதிவுத் தபாலில் அனுப்பினார்கள், அது சேர்ந்துவிட்டது. முதல் உறையின் விஷயம் மேலதிகாரிகளின் காதுக்கு எட்ட மூன்று வாரம் ஆயிற்று. நவம்பர் 20ஆம் தேதி நிதி மந்திரி அலிஸ்டர் டார்லிங் பார்லிமெண்டில் எழுந்து அதைச் சொன்னபோது, உறுப்பினர்கள் மூச்சுவிடும் சத்தம் கேட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. இலாகாவின் தலைவர் பதவி விலகினார்; பிரதம மந்திரி மன்னிப்புக் கேட்டார்; தகடுகள் இன்றுவரையில் அகப்படவில்லை.

பின்னர் நடந்த விசாரணைகள் குற்றத்தை அந்த உறையை ஒட்டிய கீழ்நிலைக் குமாஸ்தாவின் தலையில் சுமத்தவில்லை. இத்தனை பேருடைய விவரத்துக்கு இன்னார் பொறுப்பு என்று அந்த மாபெரும் இலாகாவில் ஒருவரும் இல்லாதிருந்ததே குற்றம் என்றன. யோசித்துப் பார்த்தால் இது நியாயமான தீர்ப்பு. கணினி பழுதாகவில்லை; கள்வர் எவரும் உள்ளே நுழையவில்லை. வேண்டாததை எடுப்பதற்குக் காசு வேண்டும், எல்லாவற்றையும் அனுப்புவதற்குக் காசு வேண்டாம் என்ற ஒரு ஏற்பாடுதான் இத்தனையையும் செய்தது. அந்த ஏற்பாட்டை மாற்றாமல், ரேகையோடு பிணைத்துவிட்டால் விவரங்கள் பத்திரமாகிவிடும், ஆதலால் அடையாள அட்டை முன்னிலும் அவசியம் என்று மந்திரிகள் அதே வாரத்தில் வாதித்தது, கேட்டவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. 2008 மார்ச்சில், கார்டன் பிரவுன் நிதி மந்திரியாக இருந்தபோது விடுத்த வேண்டுகோளின்படி ஸர் ஜேம்ஸ் க்ராஸ்பி எழுதிய அறிக்கையும் வெளிவந்தது: அடையாளத்தைச் சர்க்காரின் சௌகரியத்துக்காக அமைக்கும் திட்டம் ஒன்று, பிரஜையின் சௌகரியத்துக்காக அமைக்கும் திட்டம் மற்றொன்று; இரண்டாவதைத்தான் ஜனங்கள் ஏற்பார்கள் என்று அது பணிவான பாஷையில் சொல்லிற்று. விவியன் எழுபது ஆண்டுகளுக்கு முன் கண்டதும் இதுவேதான், வேறொரு கோணத்திலிருந்து.

கடைசி அங்கம் விரைவாக முடிந்தது. 2008 நவம்பரில் முதல் அட்டைகள் வெளிநாட்டவர்க்கு வழங்கப்பட்டன. அவர்களால் மறுக்க முடியாது. அடுத்து மான்செஸ்டர் விமான நிலையத்திலும் லண்டன் நகர விமான நிலையத்திலும் வேலை செய்வோரைக் கட்டாயப்படுத்தப் பார்த்தபோது, விமானிகளின் சங்கம் எதிர்த்து நின்றது; 2009 ஜூன் 30ஆம் தேதி, உள்துறை மந்திரி ஆலன் ஜான்ஸன் கட்டாயத்தைக் கைவிட்டார். அவ்வாண்டு நவம்பர் இறுதியில், மான்செஸ்டர் வட்டாரத்தார் விரும்பினால் 30 பவுன் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று கடை விரித்தார்கள். கொண்டவர்கள் ஏறத்தாழ 15,000 பேர். 2010 மே மாதம் ஆட்சி மாறியது. வந்த கூட்டணியின் இரு கட்சியாரும் அட்டையை ஒழிப்பதாக வாக்களித்தவர்கள். டிசம்பர் 21ஆம் தேதி ஒழிப்புச் சட்டம் நிறைவேறி, ஒரு மாதத்தில் அட்டைகள் செல்லாதவையாயின. 30 பவுன் கொடுத்தவர்களுக்கு அது திரும்பக் கிடைக்கவில்லை. 2011 பிப்ரவரி 10ஆம் தேதி, எஸ்ஸெக்ஸில் விட்டம் என்ற ஊரில், மந்திரி டேமியன் கிரீன், படக்காரர்கள் சூழ்ந்து நிற்க, பதிவேடு இருந்த கணினி வட்டுகளைத் தம் கையாலேயே எடுத்து அரவை யந்திரத்தில் போட்டார். சுமார் 500 வட்டுகளும் 100 நாடாக்களும் அன்று துகள்களாயின. ஒரு ராஜ்யம் தன் ஏட்டைத் தானே, அதுவும் விழாவெடுத்து, அழித்ததற்கு இதற்கு நிகரான உதாரணம் சரித்திரத்தில் அதிகமில்லை. சுதந்திரத்தின் வெற்றி என்று பலர் எழுதினார்கள். வெளிநாட்டவர் அட்டையை மட்டும் அந்தச் சட்டம் தொடவில்லை. அது பெயர் மாறி நிலைத்து, 2024இன் முடிவோடு காலாவதியாகி, கையில் பிடிக்க ஏதுமில்லாத மின்-விசாவாக ரூபமெடுத்தது.

விட்டத்தில் நடந்த அந்த அழிப்புக்குச் சில மாதங்களுக்கு முன்னால், 2010 அக்டோபரில், படக்காரர் எவரையும் அழைக்காமல் மற்றோர் அழிப்பு நடந்திருந்தது. லண்டனின் தென்பகுதியிலுள்ள க்ராய்டனில், உள்துறை இலாகாவின் பழைய கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், 1950களிலும் 60களிலும் மேற்கிந்தியத் தீவுகள் முதலிய இடங்களிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்களின் பெயரும், வந்த தேதியும், கப்பலின் பெயரும் குறித்த இறங்குசீட்டுக்கள் கட்டுக்கட்டாக இருந்தன. ஒருவர் எப்போது வந்தார் என்ற சந்தேகம் எழும்போது, அனுபவமுள்ள குமாஸ்தாக்கள் அவற்றைப் புரட்டிப் பதில் எழுதி வந்தார்கள். காரியாலயம் காலி செய்யப்பட்டபோது, தனிமனிதரின் விவரங்களைத் தேவைக்கு மேல் வைத்திருத்தல் தகாது என்ற காரணத்தால் அவை அழிக்கப்பட்டன. 2009இல் ஒரு கட்சியின் ஆட்சியில் எடுத்த முடிவு, 2010இல் மறு கட்சியின் ஆட்சியில் நிறைவேறிற்று. ஆகவே பின்னாளில் இரு சாராரும் ஒருவரையொருவர் குற்றம் சாட்ட வசதியாக இருந்தது.

அட்டையை ஒழித்த அதே சர்க்கார் 2014ஆம் ஆண்டிலும், அதன் பின் வந்த சர்க்கார் 2016ஆம் ஆண்டிலும் செய்த குடிவரவுச் சட்டங்கள், வீடு வாடகைக்கு விடுபவனையும், வங்கியையும், எதிரில் நிற்பவர் இந்நாட்டில் இருக்க உரிமையுள்ளவரா என்று கேட்கக் கடமைப்பட்டவர்களாக ஆக்கின. 1950இல் ஒரு போலீஸ்காரர் கேட்ட கேள்வியை இப்போது ஊரே கேட்டது. காட்டுவதற்கு அட்டைதான் இல்லை. 1973 ஜனவரிக்கு முன் காமன்வெல்த் நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு இருந்துகொள்ளும் உரிமையைச் சட்டமே அளித்திருந்தது. அளித்ததற்கு அத்தாட்சியாக ஒரு துண்டுக் காகிதமும் கொடுக்கவில்லை, யார் யாருக்கு அளித்தோம் என்று குறித்து வைத்துக்கொள்ளவும் இல்லை. பெற்றோரின் பாஸ்போர்ட்டில் குழந்தைகளாய் வந்தவர்கள், அறுபது வயதில், இங்கே வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் நான்கு அத்தாட்சிகள் கொண்டுவரும்படி கேட்கப்பட்டார்கள். 1968இல் பத்து வயதுச் சிறுமியாய் ஜமைக்காவிலிருந்து வந்து, சமையல் வேலை செய்து பிழைத்து, ஒரு காலத்தில் பார்லிமெண்ட் கட்டிடத்தின் உணவுச்சாலையிலேயே பணியாற்றிய ஒரு மாது, 2017இல் சிறைவைக்கப்பட்டு, சிறுமியாய் விட்டு வந்த பின் கண்ணால் காணாத ஊருக்கு அனுப்பப்படும் தறுவாயில் தப்பினார். அவர் 34 ஆண்டுகள் காப்புறுதிச் சந்தா செலுத்தியதற்கு வரி இலாகாவின் ஏட்டிலேயே கணக்கு இருந்தது. பணம் வாங்கும் இலாகாவுக்கு நன்கு தெரிந்தவர் பக்கத்து இலாகாவுக்கு அந்நியர். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களை ஏற்றி வந்த விண்ட்ரஷ் என்ற கப்பலின் பெயரால் அழைக்கப்படும் இந்த அக்கிரமம் 2018இல் வெளிப்பட்டபோது, குறைந்தது 83 பேர் நாட்டினின்றே வெளியேற்றப்பட்டிருந்தனர் என்று உள்துறை இலாகா ஒப்புக்கொண்டது.

அப்போது பழைய மந்திரிகள் சிலர், அட்டையை ஒழிக்காமலிருந்தால் இப்படி நேர்ந்திராது என்றார்கள். விஷயம் அவ்வளவு எளிதன்று என்பது என் அபிப்பிராயம். 1948இல் விண்ட்ரஷ் கப்பல் டில்பரியில் கரை சேர்ந்தபோது விவியனின் அட்டை அமலில் இருந்தது. வந்து குடியேறியவர்களும் அன்றைய சட்டப்படி அதை வாங்கக் கடமைப்பட்டவர்களே. அந்த ஏட்டில் ஏறுவதற்கு, வீட்டில் இருக்கிறேன் என்று சொன்னால் போதும். 2006இன் ஏட்டிலோ, நுழைவதற்கே பாஸ்போர்ட் முதலிய அத்தாட்சிகள் வேண்டும். எவரிடம் அத்தாட்சி இல்லையோ அவர், வெளியேற்றும் அதிகாரியின் எதிரே நிற்பதற்குப் பதிலாக, பதிவு செய்யும் அதிகாரியின் எதிரே சில ஆண்டுகள் முன்னதாக நின்றிருப்பார். நிரூபிக்கும் பாரம் யார் தலையில் என்பதைச் சட்டம் தீர்மானித்தது, அட்டை தீர்மானிக்கவில்லை.

இதற்குள், வட்டுகள் அரைபட்ட அதே 2011ஆம் ஆண்டில், மந்திரி பிரான்சிஸ் மாட் புதியதொரு வழியை அறிவித்துவிட்டார். மத்திய ஏடு கிடையாது, அட்டை கிடையாது, பிரஜை தான் இன்னார் என்பதைக் கடன் விசாரிக்கும் கம்பெனி, தபால் நிலையம் முதலிய ஸ்தாபனங்களில் ஒன்றிடம் நிரூபித்துக்கொள்ள, அந்த ஸ்தாபனம் சர்க்காரிடம் ஆம் என்று மட்டும் சொல்லும். வெரிஃபை என்ற பெயரோடு 2016 மே மாதம் முழு உபயோகத்துக்கு வந்த இந்த ஏற்பாடு, 2020க்குள் இரண்டரைக் கோடிப் பேரைச் சேர்ப்பதாகச் சொல்லி, 2019 பிப்ரவரி வரையில் சேர்த்தது 36 லட்சம். 100 பேர் முயன்றால் 48 பேருக்கே அது ஆம் என்றது. வேலையிழந்து ஏழைகளுக்கான உதவித்தொகை கேட்டு வந்தவர்களில் 38 பேருக்கு. வீட்டுக் கடனும் வங்கிக் கணக்கின் நீண்ட சரித்திரமும் உடையவனைக் கம்பெனிகள் எளிதில் அறிந்துகொண்டன. கடன் வாங்கவும் வகையற்றவனை அவை அறியவில்லை. 15 கோடியே 40 லட்சம் பவுன் செலவழிந்த அந்தக் கதையையும், வரி இலாகா அதில் சேராமல் தன் பழைய வாசலையே வைத்துக்கொண்டதன் காரணத்தையும் அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.

(தொடரும்)